அந்த நெரிசல் எங்கே போனது?

என் அக்கா மகன் மடிக்கணினியில் பீட் போடுகிறவன். அவனுக்கு ஹிப்ஹாப்பில் டிரில் என்கிற வகைதான் எல்லாம். பேஸ் வழுக்கிக்கொண்டு போகும், மேலே சின்னதாக ஒரு பியானோ துணுக்கு சுற்றிச் சுற்றி வரும். அதில் ஒரே ஒரு ஹை-ஹாட் சிம்பல் அடியை நகர்த்தி வைக்க ராத்திரி பூராவும் உட்கார்ந்திருப்பான். போன பொங்கலுக்கு வந்திருந்தவனுக்கு பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் 1988ஆம் வருட ஆல்பத்திலிருந்து 'ரெபெல் வித்தவுட் எ பாஸ்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் ஓடியிருக்கும், ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மாமா, இதுல ஒரே நேரத்துல எத்தனை ரெக்கார்ட் ஓடுது?" என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொதிக்கிற கெட்டில் விசிலடிப்பதுபோல நிற்காமல் கிறீச்சிடுகிற அந்தச் சத்தம், ஜேபீஸ் குழு 1970இல் பதிவு செய்த 'தி கிரன்ட்' பாட்டில் வரும் சாக்ஸபோன். அடியில் உருளுவது ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்'. நடுநடுவே யாரோ கத்துவது, யாரோ கூட்டத்தைக் கூப்பிடுவது எல்லாம் வேறு வேறு இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்தவை. அவன் இன்னொரு முறை முழுசாகக் கேட்டான். "அப்ப இப்ப ஏன் யாருமே இப்படிச் செய்றதில்ல?" என்று கேட்டுவிட்டு, "சலிச்சுப் போயிருக்கும்" என்று பதிலையும் அவனே சொல்லிக்கொண்டான்.

அந்தப் பதில் எனக்கு ஒட்டவே இல்லை. ஹிப்ஹாப்பின் ஐம்பது வருடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ரசனை மாறிவிட்டது என்றுதான் முடிக்கிறார்கள். வயதானவர்கள் சொன்னால் அது ரசனை கெட்டுவிட்டது என்று வரும். தொண்ணூறுகளோடு எல்லாம் முடிந்தது, இப்போது இருப்பது முணுமுணுப்பு என்பார்கள். சின்னவர்கள் சொன்னால் ரசனை வளர்ந்துவிட்டது என்று வரும். இரண்டு பேருமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: பாட்டு மாறியதற்குக் காரணம் பாட்டுப் போட்டவர்களின் மனசும் கேட்டவர்களின் காதும். நான் அப்படி நினைக்கவில்லை. பல ரெக்கார்டுகள் ஒரே நேரத்தில் முட்டிமோதுகிற பப்ளிக் எனிமியின் அந்த நெரிசல் 1987, 88, 89 என்று வருடா வருடம் பெருத்துக்கொண்டே வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு மூன்று வருடத்துக்குள் வற்றிவிட்டது. ரசனை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. யாரோ குழாயை அடைத்திருக்கிறார்கள்.

ரெக்கார்டும் மெஷினும்

ஹிப்ஹாப் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1973 ஆகஸ்ட் 11, 1520 செட்ஜ்விக் அவென்யூ, தங்கை சிண்டி வைத்த விருந்தில் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் ரெக்கார்ட் ஓட்டியது. அந்தக் கதையிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு பாட்டில் பாடகர் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் சில வினாடிகளில்தான் ஆட்டம் பிய்த்துக்கொண்டு போகிறது என்பதைக் கவனித்த ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த வினாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். இன்னொருவர் பாட்டின் ஒரு துண்டை எடுத்துச் சுற்ற விடுவது இந்த இசையோடு பிறந்தது. ராப் என்று நாம் சொல்கிற பேச்சு, அந்தச் சுழற்சியின் மேல் மைக்கில் கூட்டத்தை உசுப்பேற்றியதிலிருந்து வளர்ந்தது.

1979இல் வந்த முதல் பெரிய ஹிட்டான 'ராப்பர்ஸ் டிலைட்'டில், ரெக்கார்டின் துண்டைப் பிடித்து (அதுதான் சாம்பிள்) திரும்ப வாசிக்கிற சாம்பிளிங் மெஷின் எதுவும் கிடையாது. ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' பேஸை ஸ்டுடியோவில் ஆட்களை வைத்துத் திரும்ப வாசித்தார்கள். நைல் ரோஜர்ஸ் வழக்குப் போடுவேன் என்றார், பாட்டில் அவர் பெயரும் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பெயரும் ஏறின. 1982இல் 'பிளானட் ராக்' பாட்டில் ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின். அதற்கடுத்த வருடம் ரன்-டிஎம்சியின் வெறும் டிரம்ஸும் குரலும். எண்பதுகளின் முதல் பாதி முழுக்க மெஷின் டிரம்ஸின் காலம். அப்புறம் குவீன்ஸ்பிரிட்ஜ்காரரான மார்லி மார்ல், பழைய இசைத்தட்டின் ஸ்னேர் டிரம் அடியைத் தனியாகப் பிடித்து விசையில் வைத்து வாசிக்க முடியும் என்று கண்டுகொண்டார். அதோடு கதவு திறந்துவிட்டது. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் இனி யார் வீட்டு அறைக்கும் வருவார்.

1987இல் வந்த இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற சாம்பிளிங் மெஷின் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. பன்னிரண்டு பிட். மொத்த நினைவகமே பத்து வினாடிச் சத்தத்துக்குத்தான், அதிலும் ஒரு துண்டு இரண்டரை வினாடியைத் தாண்டக் கூடாது. இதில் எப்படி ஒரு பாட்டைக் கட்டுவது? 33 வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்வார்கள். குறைந்த நேரத்தில் நிறைய அடங்கிவிடும். பிறகு மெஷினுக்குள் சுருதியை இறக்கி இயல்பு வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்படி இறக்கும்போது சத்தத்தின் ஓரங்கள் பிசிறும், ஒரு கரகரப்பு ஏறும். நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த காரியத்தில் வந்த அந்தக் கரகரப்புதான் இன்று எல்லாரும் ஏங்குகிற பழைய நியூயார்க் ஒலி. என் அக்கா மகனின் மென்பொருளில் அதே கரகரப்பைக் கொண்டுவர ஒரு பிளக்-இன் இருக்கிறது, அவனே காட்டினான். இந்தச் சின்னத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நெரிசல் தானாக வரும். லாங் ஐலண்டில் ஹாங்க் ஷாக்லி கூட்டாளிகளோடு அமைத்த பாம் ஸ்குவாட் அதை ஒரு கொள்கையாகவே செய்தது. பப்ளிக் எனிமியின் ஒலி அவர்கள் வேலை. 1989இல் டி லா சோல் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' போட்டார்கள். சண்டைக்கார இரைச்சலுக்குப் பதில் விளையாட்டு, ஆனால் அடுக்கும் முறை அதே. அதே வருடம் பீஸ்டி பாய்ஸின் 'பால்ஸ் பூட்டிக்', நூறுக்கு மேல் சாம்பிள்.

1991 டிசம்பர் 17

பிஸ் மார்க்கியை ஹிப்ஹாப்பில் பிடிக்காதவர்கள் குறைவு. வாயாலேயே டிரம்ஸ் அடிப்பார், சுருதி சேராமல் பாடிச் சிரிக்க வைப்பார், அந்தச் சுருதி சேராத 'ஜஸ்ட் எ ஃபிரெண்ட்' 1990இல் பில்போர்டில் ஒன்பதாவது இடம் வரை போனது. 1991இல் அவர் போட்ட ஆல்பத்தில் 'அலோன் அகெய்ன்' என்று ஒரு பாட்டு. கில்பர்ட் ஓ'சல்லிவனின் 1972ஆம் வருட ஹிட்டான 'அலோன் அகெய்ன் (நேச்சுரலி)' பாட்டின் ஆரம்பப் பியானோவை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் லூப் ஆக்கியிருந்தார். அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை, கிடைக்காமலே ஆல்பம் வெளிவந்துவிட்டது. வழக்கு நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில் நீதிபதி கெவின் தாமஸ் டஃபியிடம் போனது.

டிசம்பர் 17ஆம் தேதி அவர் கொடுத்த தீர்ப்பு சில பக்கம்தான். முதல் வரியே பைபிளின் பத்துக் கட்டளையிலிருந்து: "களவு செய்யாதிருப்பாயாக." எவ்வளவு எடுத்தார்கள், எடுத்ததை என்னவாக மாற்றினார்கள், இந்த இசையே இப்படித்தானே கட்டப்படுகிறது என்ற எந்தக் கேள்விக்குள்ளும் அவர் போகவில்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற வாதத்தை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்பதையே, தப்பு என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரமாக்கினார். விற்பனைக்குத் தடை போட்டதோடு நிற்காமல், குற்ற வழக்குத் தொடரலாமா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பிவைத்தார். குற்ற வழக்கு ஏதும் பிறகு வரவில்லை. ஆனால் ஒரு பியானோ துணுக்குக்காக ஜெயில் என்ற வார்த்தை காற்றில் மிதந்துவிட்டதே, அது போதும். கம்பெனி வக்கீல்கள் அதற்குமேல் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்த ஒரு தீர்ப்பால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்னால் அது நியாயமாக இருக்காது. அதற்கு முன்பே டர்டில்ஸ் குழுவினர் டி லா சோல் மேல் வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே பணம் வாங்கி முடித்திருந்தார்கள். பெரிய கம்பெனிகள் அனுமதி வாங்குவதற்கென்றே ஆட்களை வைக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் அதுவரைக்கும் இது பேரம், பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை. டிசம்பர் 17க்குப் பிறகு, பட்டியலில் எல்லாப் பெயருக்கும் எதிரே கையெழுத்து இல்லாமல் ஆல்பம் வெளியே வராது.

இங்கேதான் என் அக்கா மகனுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இருக்கிறது. ஒரு சாம்பிளுக்கு இரண்டு கதவு தட்ட வேண்டும்: பாட்டை எழுதியவர் தரப்பு ஒன்று, பதிவு செய்த கம்பெனி இன்னொன்று. எழுதியவர் தரப்பு புதுப் பாட்டின் உரிமையில் பாதி கேட்பது சகஜம், முழுசும் கேட்பவர்களும் உண்டு. ஒரு சாம்பிள் என்றால் பாதி போகட்டும், சமாளிக்கலாம். இரண்டு என்றால் கையில் எதுவும் மிஞ்சாது. மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கப் பாட்டில் உரிமையே இல்லை. பப்ளிக் எனிமியின் ஒரு பாட்டில் பத்துப் பதினைந்து துண்டுகள். அவற்றில் ஏதாவது ஒன்றின் உரிமையாளர் முடியாது என்று தலையாட்டினாலும் பாட்டு முடிந்தது. பணம் எவ்வளவு கொட்டினாலும் இந்தக் கணக்கு நேராகாது. அந்த முறையில் வேலை செய்யவே முடியாமல் போனது என்று அந்தக் குழுவின் சக் டி பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அக்கா மகனிடம் போனில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப அடுக்கறதுக்குத்தான் தடை, எடுக்கறதுக்கு இல்ல" என்றான். நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்ததை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

பிரிந்து போன வழிகள்

தடை வந்ததும் ஆளுக்கொரு வழியாகப் போனார்கள். நாம் இன்று தனித்தனி வகையாகப் பெயர் சொல்லிக் கேட்கிறவற்றில் பாதி, இந்த இடத்தில் பிரிந்த வழிகள்தான் என்பது என் எண்ணம். தீர்ப்பு வந்து சரியாக ஒரு வருடத்தில், 1992 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸ்காரரான டாக்டர் டிரேயின் 'தி க்ரானிக்' ஆல்பம் வந்தது. பழைய ஃபங்க் பாட்டுகளை அவர் நிறைய இடங்களில் வெட்டி ஒட்டாமல், ஸ்டுடியோவில் வாசிப்பவர்களை உட்கார வைத்துத் திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தால் எழுதியவருக்கு மட்டும் பணம், பதிவுக் கம்பெனியின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. வாசித்த பேஸ் சுத்தமாக, கொழுப்பாக இருக்கும். மேலே மெல்லிசாக அழுகிற சின்தசைசர். ஜி-ஃபங்க் என்று பெயர் பெற்ற இந்த வகையின் அகலமான, காற்றோட்டமான ஒலிக்கு லாஸ் ஏஞ்சலஸ் வெயிலைக் காரணம் சொல்வார்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு, டிரேயின் காதுக்குப் பெரிய பங்கு உண்டு. காப்புரிமைக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை.

நியூயார்க்கில் டிஜே பிரீமியர் போன்றவர்கள் வேறு பக்கம் போனார்கள். துண்டை இன்னும் சின்னதாக வெட்டி, முன்பின்னாக மாற்றி, எந்தப் பாட்டு என்று உரிமையாளருக்கே தெரியாதபடி வாசித்தார்கள். 1993இல் ஜெரு தி டமாஜாவின் 'கம் க்ளீன்' கேட்டால் நீர் சொட்டுவதுபோல ஒன்று கேட்கும், ஷெல்லி மேன் என்ற ஜாஸ் டிரம்மரின் பதிவிலிருந்து எடுத்தது. அது எங்கே பிறந்தது என்று சாதாரணமாக யாருக்கும் பிடிபடாது. இன்னொரு கோடியில் பணக்காரர்களின் வழி: ஒரே ஒரு பெரிய ஹிட்டை அப்படியே எடுத்து, கேட்டதைக் கொடுத்துவிடுவது. 1997இல் பஃப் டாடியின் 'ஐல் பி மிஸ்ஸிங் யூ' அப்படி வந்தது. 'தி போலீஸ்' என்ற ராக் குழுவின் கிட்டார் முழுசாக உள்ளே இருக்கிறது, எழுதியவருக்கான பணம் அந்தக் குழுவின் பாடகர் ஸ்டிங்குக்குப் போகிறது. பத்துப் பதினைந்து ரெக்கார்ட் மோதிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒரே ரெக்கார்ட் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

பெரிய மாற்றம் இவர்கள் யாரிடமிருந்தும் வரவில்லை, அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்தது. 1995இல் நியூயார்க்கில் நடந்த 'சோர்ஸ்' ஹிப்ஹாப் பத்திரிகையின் விருது விழாவில், கூட்டம் ஊளையிட்டுக்கொண்டிருக்க, அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழுவைச் சேர்ந்த ஆந்த்ரே மேடையில் நின்று தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்றார். சொல்ல இருந்ததில் ஒரு பகுதி கீபோர்டில் இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் மேனி ஃபிரெஷ், வர்ஜீனியாவில் டிம்பலேண்டும் நெப்டியூன்ஸும் பெரும்பாலும் தாங்களே வாசித்ததை வைத்துத்தான் பாட்டுக் கட்டினார்கள். யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம், உரிமை கையிலேயே இருக்கும். 1980இலிருந்து 83 வரைக்கும் மட்டும் தயாரான 808, அசல் டிரம்ஸ் மாதிரி இல்லை என்று விலைபோகாமல் நின்றுபோன மெஷின். அதன் கிக் அடியை நீட்டி விட்டால் அதுவே பேஸாக மாறிவிடும். மயாமியும் மெம்பிஸும் அதை எண்பதுகளிலிருந்தே அறிந்திருந்தன. 2003இல் அட்லாண்டாவின் ராப்பர் டி.ஐ. 'ட்ராப் மியூசிக்' என்று ஆல்பத்துக்கே பெயர் வைத்தபோது, வகைக்கும் பெயர் நிலைத்தது. இன்று உலகம் முழுக்க ஒலிக்கிற ட்ராப்பை எடுத்து மல்லாக்கப் போட்டுப் பார்த்தால், சாம்பிள் இல்லாமலும் நின்று நடக்கக்கூடிய ஒரு எலும்புக்கூடு தெரியும். தெற்கு ஜெயித்ததற்குக் காரணம் அவர்களுடைய திறமை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர்கள் கால் வைத்த தரையில் வக்கீல்கள் நின்றுகொண்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிரம்மர்களுக்கு என்ன கிடைத்தது

இதைப் படிக்கிறவர்களில் சிலர் கேட்பார்கள்: அடுத்தவர் உழைப்பை எடுத்தால் காசு கொடுக்க வேண்டாமா? கொடுக்க வேண்டும். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற மாயாவின் 'பாம்பூ பாங்கா' பாட்டில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' தாளம் திடீரென்று எழும்பியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதே நொடியில் ராஜாவுக்கு இதில் என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வியும் வந்தது. நம்ம வீட்டுப் பொருள் வெட்டுப்படும்போதுதான் இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் இந்தச் சட்டம் உழைத்தவரைக் காப்பாற்றியதா என்று பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சுகிறது.

'ஃபங்கி டிரம்மர்' தாளத்தை வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அதிகமாகச் சாம்பிள் செய்யப்பட்ட டிரம்ஸ்களில் ஒன்று அது. பாட்டை எழுதியவர் என்று பதிவானது ஜேம்ஸ் பிரவுன், பதிவுக்கு உரிமை கம்பெனிக்கு. தாளம் எழுத்தாகக் கணக்கில் வராது. 2017இல் அவர் இறக்கும்வரை அதற்கான உரிமைப் பணம் என்று எதுவும் அவருக்கு வரவில்லை. வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த ஆறேழு வினாடி டிரம்ஸ் ஹிப்ஹாப்பில் மட்டுமல்ல, லண்டனில் ஜங்கிள் என்று ஒரு இசை வகையே பிறக்கக் காரணமானது. கோல்மன் 2006இல் வீடில்லாத நிலையில் இறந்தார். அனுமதி கேட்காமல் எடுத்த காலத்திலும் இவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அனுமதி கேட்கிற காலத்திலும் கிடைக்கவில்லை.

யாருக்குக் கிடைத்தது? பிரிட்ஜ்போர்ட் மியூசிக் என்று ஒரு கம்பெனி. ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் பாட்டுகளுக்கு உரிமை தன்னிடம் இருக்கிறது என்று 2001இல் ஏறத்தாழ 800 பேர் மேல் வழக்குப் போட்டது. அதில் ஒன்று கிளின்டனின் ஃபங்கடெலிக் குழுவின் ஒரு கிட்டார் நாண், இரண்டே வினாடி, சுருதி இறக்கி லூப் ஆக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே என்று முடித்தது. அந்த இசையை உருவாக்கிய ஜார்ஜ் கிளின்டனே தன் பாட்டுகளின் உரிமைக்காகப் பிரிட்ஜ்போர்டோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை கடைசியில் யார் கையில் போய் நின்றது பாருங்கள்.

டிரில்லுக்குள் வந்த பழைய பழக்கம்

டிரில்லின் பயணத்தை என் அக்கா மகன் என்னைவிட நன்றாகச் சொல்வான். 2012இல் சிகாகோவில் சீஃப் கீஃப்; அங்கிருந்து தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன், அங்கே பேஸ் வழுக்கத் தொடங்கியது; 2019இல் புரூக்ளினின் பாப் ஸ்மோக், 808மெலோ என்ற லண்டன்காரரின் பீட் மேல் பாடி நியூயார்க்கையே திருப்பினார். ஹிப்ஹாப் பிறந்த ஊர், தன் தாளத்தைக் கடல் தாண்டி வாங்கிக்கொண்டது. அந்த வழுக்கலை அவன் எனக்குத் திரையில் காட்டினான். ஒரு 808 சுரத்தின் மேல் இன்னொரு சுரத்தைச் சாய்த்து வரைந்தால் பேஸ் மேலே வழுக்கும். அப்புறம் கொஞ்சம் டிஸ்டார்ஷன். "ஏன்டா கெடுக்கறே?" என்றேன். "போன்ல கேக்கணும்ல மாமா," என்றான். போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழான ஒலியைத் தர முடியாது, சத்தத்தைக் கொஞ்சம் சிதைத்தால் மேல் சுரங்கள் முளைக்கும், அதை வைத்துக் காது பேஸை ஊகித்துக்கொள்ளும். எஸ்பி-1200இன் பத்து வினாடிக்குப் பதில் இவன் தலைமுறைக்குப் போன் ஸ்பீக்கர்.

2021, 22 வாக்கில் நியூயார்க்கில் கேஷ் கோபேன் போன்றவர்கள் டிரில்லுக்குள் பழைய ஆர்அண்ட்பி ஹிட்களை வெட்டிப் போட்டார்கள், யாரிடமும் கேட்காமல். சாம்பிள் டிரில் என்று பெயரே வந்துவிட்டது. நாலு காசு புரளாத இடத்தில் அந்தப் பழக்கம் முப்பது வருடமாக உயிரோடுதான் இருந்திருக்கிறது. பாட்டு பிரபலமாகிக் கம்பெனி கைக்குப் போகும்போதுதான் வக்கீல் வருகிறார், துண்டு உதிர்கிறது. இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில், பழைய இசைத்தட்டு போலவே ஒலிக்கும்படி புதிதாக வாசித்துப் பதிவு செய்து, சாம்பிள் எடுக்கவென்றே விற்கிறார்கள். டொரன்டோவின் ஃபிராங்க் டியூக்ஸ் அதில் பேர் வாங்கினவர். நல்ல இசைதான், நான் விரும்பிக் கேட்பேன். ஆனால் வேறு வேறு ஊரில் வேறு வேறு காலத்தில் யாரோ வாசித்த இரண்டு ரெக்கார்ட் எதிர்பாராமல் முட்டிக்கொள்ளும்போது வருகிற பொறி அதில் வராது.

டி லா சோலின் 1989 ஆல்பம் 2023 மார்ச் 3ஆம் தேதிதான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. அதற்கு முன் ஒரு தலைமுறைக்கே அது பெயராக மட்டும் தெரிந்திருந்தது. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகர் அந்த நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது இறந்துபோனார்.

அமெரிக்கச் சட்டத்தில் 1909இலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஏற்கெனவே வெளிவந்த ஒரு பாட்டை நீங்கள் முழுசாகத் திரும்பப் பாடிப் பதிவு செய்ய வேண்டுமானால், எழுதியவர் சம்மதிக்க வேண்டிய அவசியமில்லை. சட்டம் சொல்லும் தொகையைக் கட்டிவிட்டால் போதும். முழுப் பாட்டைப் பாடலாம், இரண்டு வினாடி டிரம்ஸை எடுக்கக் கூடாது. அதே ஏற்பாட்டைச் சாம்பிளுக்கும் கொண்டுவரட்டும். துண்டின் நீளத்துக்கு ஏற்ற தொகை, எல்லாம் சேர்ந்தும் புதுப் பாட்டின் உரிமையை விழுங்கிவிடாத ஒரு உச்சவரம்பு, அந்தத் தொகையில் வாசித்த ஆளுக்கென்று ஒரு பங்கு. கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் குடும்பத்துக்கும் கிரிகரி கோல்மனின் குடும்பத்துக்கும் அதில் போக வேண்டியது போகட்டும்.